கேள்வி ஏழு: எவ்வளவு தூரம்?

படிவத்தில் பதினொரு கேள்விகள்.
ஒரு ஆளுக்கு ஒரு தாள், ஒரு கட்டத்துக்குள் ஒரு டிக்.
நாள் கூலி எழுநூறு,
மதியச் சாப்பாடு என் செலவு.
நீடாமங்கலம் கேட்டுக்குத் தெற்கே
கோரையாற்றங்கரை பஸ் ஸ்டாப்பில்
மூன்று வருடம் புவியியல் படித்தவளுக்கு
அளந்து கொடுத்திருந்தார்கள்
பாதி உடைந்த ஒரு சிமெண்ட் பெஞ்சை.

தஞ்சாவூர் எவ்வளவு தூரம் என்றேன்.
'கேட் தெறந்திருந்தா முப்பது சொச்சம்'
என்றார் அறுவடை மெஷின் ஓட்டும் வைரக்கண்ணு.
மூடியிருந்தால்?
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
'ரெண்டு பீடி கூட.
நெல்லு ஏத்துன கூட்ஸா இருந்தா மூணு.'

கேள்வி ஏழு கிலோமீட்டரை மட்டும் கேட்கிறது.

மினி பஸ் வந்தது, பாட்டோடு.
சகாயமேரி ஏறவில்லை.
கண்டக்டர் ஜெய்லானி படியில் தொங்கியபடி
'மன்னார்குடி பத்தே ரூவா' என்று இரண்டு முறை கூவிவிட்டு
விசிலை ஊதினான்.
'ஒன் மன்னார்குடி தூரம்டா' என்றாள் அவள்.
டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸுக்கு
இன்னும் ஐம்பது நிமிடம்.
முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு மன்னார்குடியாம்.
இப்போது நினைத்தால் மன்னார்குடி.
ரோடு அதே ரோடு,
குழிகூட அதே குழிதான்.

பயண நோக்கம்?
வேலை, படிப்பு, மருத்துவம், கடைவீதி.
'சும்மாதான்' என்றாள்.
'குளத்தச் சுத்தி ஒரு நடை,
பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ,
வந்துருவேன்.'
சும்மாவுக்குக் கட்டம் இல்லை.
'மற்றவை'யில் டிக் போட்டேன்,
கொஞ்சம் பெரிதாகவே.

கல்லூரியில் ஒரு பத்து மார்க் கேள்வி:
வெளி என்பது பொருட்களை வைத்த பெட்டியா,
பொருட்களுக்கு நடுவே நடப்பதா?
இரண்டு பக்கம் எழுதினேன், ஆறு மார்க்.
அன்றைக்குத் தையல்நாயகியைத் தெரியாது எனக்கு.

நாலு மணிக்கு வந்தாள்,
கிராம சுகாதார நர்ஸ்,
தோளில் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே உருகும் ஐஸ்.
'எதுத்தாப்ல பாருங்க, நீலத் தண்ணித் தொட்டி.
அதான் நான் போற ஊரு.'
பார்த்தேன்.
கொடியில் காயும் பாவாடையின்
பூப்போட்ட கரை வரை தெரிந்தது.

மே மாதம் என்றால்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
மணலில் இறங்கி மூன்று நிமிடம்.
சட்ரஸைத் திறந்து ஒன்பது நாள் ஆகிறது.
இனி லயன்கரையிலேயே போய்ப்
பாலத்தில் ஏறி, மறுகரையில் அத்தனையும் திரும்பி,
பதினோரு கிலோமீட்டர்.

மேட்டூரில் யாரோ மதகைத் தூக்கியதில்
இங்கே ஓர் ஊர்
நின்ற இடத்திலேயே நின்றபடி
பதினோரு கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது.
யாரைக் குறை சொல்வது?
அந்தத் தண்ணீருக்காகத்தான்
அந்த ஊர் ஐந்து மாதமாக
வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தது.
வயலுக்கு வந்தது,
வழியைக் கொண்டுபோனது.

தையல்நாயகி கரையோரம் போய்
வாயைச் சுற்றிக் கை குவித்தாள்.
'ஏ பவுனம்மா! புள்ள ஊசி! அஞ்சரைக்கு வந்துர்றேன்!'
தொட்டிக்குக் கீழிருந்து ஒரு பாவாடை அசைந்தது.
'கேக்குது! கேக்குது!
கத்தாத, புள்ள தூங்குது!'

திரும்பி வந்து சொன்னாள்:
'கூப்புடு தூரம்னு எழுதிக்கங்க.'

எழுதினேன்.
ராத்திரி கம்ப்யூட்டரில் ஏற்றும்போது
அந்தக் கட்டம் சிவந்தது,
எண் மட்டும் என்றது.
பதினொன்று என்று அடித்துவிட்டு,
யாரும் படிக்காத குறிப்புப் பகுதியில் சேர்த்தேன்:
'ஜூன் கடைசி முதல் ஜனவரி கடைசி வரை.
குரலுக்குப் பொருந்தாது.'

அதற்கு முன்பு, பொழுது சாய,
வலங்கைமானுக்குத் திரும்பினேன்.
கேட் மூடியிருந்தது.
பஸ் என்ஜினை அணைத்தார் டிரைவர்.
முன்சீட்டுக்காரர் கீழே இறங்கித்
தீப்பெட்டியைத் தேடினார்.
என் வீடு மெல்ல
விலகிப் போய்க்கொண்டிருந்தது.
கூட்ஸ்தான்.
நெல்லு.